பாட்டியின் தாலாட்டு எங்கே?

ராஜபாளையத்தில் என் சித்தப்பா இருக்கிறார். சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம். கடைக் கணக்கு, பில், மகள் கல்யாணப் படம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. அது லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்.

சித்தப்பா எச்சரிக்கையான மனிதர். வீட்டுச் சாவிக்கே மூன்று சாவி வைத்திருப்பார். ஆகவே கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கவும் ஒரு பெட்டி வாங்கினார். "நாஸ்" என்று அதற்குப் பெயர். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும். வீட்டு இன்டர்நெட் பெட்டியோடு வயரால் இணைத்துவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் எழுதலாம். இரவு 11 மணிக்குத் தானாக நகல் போகும்படி ஒரு பையன் வந்து ஏற்பாடு செய்து கொடுத்தான்.

தை மாதம் பாட்டி தாலாட்டுப் பாடினார். சித்தப்பா அதைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் வைத்தார். சித்திரையில் பாட்டி காலமானார். ஆடியில் கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டுப்போனது.

நான் பதறினேன். "பயப்படாதேப்பா, நகல் இருக்கு" என்றார் சித்தப்பா.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். கார்த்திகை மாதத்தோடு எல்லாம் நின்றிருந்தது!

காலி அறை

இது எப்படி நடந்தது? லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. வெளிப் பெட்டியை இணைக்க, கம்ப்யூட்டருக்குள் ஒரு காலி அறையை ஒதுக்குவார்கள். பெட்டியை அந்த அறையில் மாட்டுவார்கள். இதை "மவுண்ட்" என்பார்கள். மாட்டியிருக்கும் வரை, அறையில் போடுவது எல்லாம் பெட்டிக்குப் போகும். கழன்றுவிட்டால்? அறை அப்படியேதான் இருக்கும். அதில் போடுவது கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே விழும். தடுக்க ஆள் இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் முதலில் எழுந்தது. பெட்டி பிறகுதான் எழுந்தது. அந்த இடைவெளியில் மாட்டல் விட்டுப்போயிற்று. அன்று முதல் தினம் இரவு 11 மணிக்கு நகல் எடுத்தது உண்மை. "முடிந்தது" என்று தினமும் எழுதி வைத்ததும் உண்மை. ஆனால் அசலும் நகலும் ஒரே டிஸ்க்கில்! டிஸ்க் போனதும் இரண்டும் போயின.

மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் எடுக்க முடியவில்லை.

கூலி கொடுக்கும் முன்

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். சித்தப்பாவைத்தான் கொஞ்சம் குறை சொல்வேன். வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வந்தால் எடை பார்க்கிறோம். பாங்கியில் பணம் போட்டால் பாஸ் புத்தகத்தைப் புரட்டுகிறோம். நகலை மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

என் கட்சி இதுதான். நகல் எடுக்க ஏற்பாடு செய்பவரிடம், கூலி கொடுக்கும் முன், "ஒரு படத்தை அழித்துவிட்டு, பெட்டியிலிருந்து திருப்பி எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். கையோடு, பெட்டி மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நகலைத் தொடங்கும்படி எழுதச் சொல்ல வேண்டும். லினக்ஸில் அதற்கு "மவுண்ட்பாயிண்ட்" என்றே ஒரு கட்டளை இருக்கிறது. மாதம் ஒரு முறை நாமும் ஒரு பைலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. நகல் எடுக்கப் பலரும் பயன்படுத்துவது "ஆர்சிங்க்" என்ற நிரல். 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் வெளியிட்டது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் கெட்டிக்கார நிரல். ஆனால் "அசலில் அழித்ததை நகலிலும் அழி" என்று சொல்லிவைத்தால், நாம் தவறி அழித்ததையும் அது தேடிப்போய் அழித்துவிடும். ஆகவே தேதி போட்டுத் தனித்தனி நகல்கள் வேண்டும்.

கம்பளியில் சுற்றி வந்த படம்

பெரிய கம்பெனிக்கும் இந்தக் கதி வந்ததுண்டு. 1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனம் "டாய் ஸ்டோரி 2" என்ற கார்ட்டூன் படத்தை எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ தவறாக ஒரு கட்டளை கொடுத்துவிட்டார்கள். படத்தின் பெரும்பகுதி அழிந்தது. நகலைத் தேடினால், அதுவும் சரியாக இல்லை! கேலின் சஸ்மன் என்ற பெண் அதிகாரி, குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். 1999-ல் படம் வெளிவந்தது.

பிழைக்க வைத்தது வேறு வீட்டில் இருந்த பிரதி. அலமாரியில் கிடக்கும் ஒரு டிஸ்க்குக்கு இடி விழுந்தாலும் கவலை இல்லை. வைரஸ் வந்தாலும் கவலை இல்லை.

சித்தப்பாவின் மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறது. கடைக் கணக்கை ஆடிட்டரிடமிருந்து ஒருவாறு மீட்டார்கள். பாட்டி பாடிய தாலாட்டுகளில் இரண்டை மகளுக்குப் போனில் அனுப்பியிருந்தார். அந்த இரண்டும் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான்.

இப்போது மாதம் தவறாமல் சித்தப்பா பையில் ஒரு டிஸ்க்கோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிறார். அதை மகள் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, போன மாத டிஸ்க்கை எடுத்துக்கொள்கிறார். திரும்பும்போது பால்கோவா வாங்க மறப்பதில்லை.