"அவசரம் இல்லை" என்ற பிள்ளை



பிள்ளைகளின் கல்வியைக் குறித்து எழுதிவரும் இப்பகுதியில், இம்மாதம் ஓர் ஆசிரியராக நான் செய்த தவறு ஒன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வேற்றுமொழிப் பட்டணங்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உங்களுக்கு இது பிரயோஜனமாயிருக்கும் என்று நம்புகிறேன்.

பெங்களூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே இரயிலில் பிரயாணம் செய்தவர்கள் குப்பம் என்னும் ஊரைக் கடந்திருப்பீர்கள். ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மூலையில், சித்தூர் மாவட்டத்தில் அமைந்த ஊர் அது. அம்மாவட்டம் முன்னர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணிப் பகுதி நம்முடைய பக்கம் வந்தது. குப்பமோ ஆந்திரத்திலேயே நிலைத்தது. வரைபடத்தில் கோடுகள் மாறினவேயன்றி, அடுப்பங்கரையில் பேசும் மொழி மாறவில்லை. இன்றும் அவ்வூர்க் கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் உருதும் ஒன்றாய்க் கேட்கும். திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் அங்கே நிறுவப்பட்டதும் பொருத்தமானதே.

அப்பகுதியின் பள்ளி ஒன்றில் நான் மூன்றாம் வகுப்புக்குத் தெலுங்கு வழியில் கற்பித்து வந்தேன். நடு ஆண்டில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அவளுடைய தகப்பனார் கருங்கல் குவாரி வேலைக்காகத் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். வீட்டில் தமிழ் மட்டுமே. நானும் தமிழ் பேசுகிறவனே. ஆயினும், அவள் சீக்கிரம் தெலுங்கு கற்றுக்கொள்ளட்டும் என்றெண்ணி, அவளிடம் ஒரு வார்த்தையும் தமிழில் பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதுவே அவளுக்கு நன்மை என்று மனதார நம்பினேன்.

ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி சில நோட்டுப் புத்தகங்களை வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் அவளை அழைத்து, "நோட்டுப் புஸ்தகம் அவசரமா?" என்று தெலுங்கில் கேட்டேன். தலையசைத்து, "அவசரம் லேது" என்றாள். அடுத்த வாரமும் கேட்டேன், அதே பதில். ஏறத்தாழ ஒரு மாதம் அவள் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். மாத அறிக்கையில், "படிப்பில் ஆர்வமில்லை" என்று என் கையாலேயே எழுதினேன்.

பிறகு ஒரு நாள் அவள் தாயார் பள்ளிக்கு வந்தார். "ஐயா, எல்லாப் பிள்ளைகளுக்கும் நோட்டு கொடுத்து முடித்தாயிற்றா? மற்றவர்கள் வாங்கட்டும், எனக்கு அவசரம் இல்லை என்று சொன்னாளாம். இன்னும் அவள் முறை வரவில்லையே என்று வீட்டில் அழுகிறாள்" என்றார்.

வாசகர்களே, அப்பொழுதுதான் எனக்குப் புரிந்தது. தெலுங்கில் "அவசரம்" என்றால் தேவை. தமிழில் "அவசரம்" என்றால் விரைவு. "உனக்கு வேண்டுமா?" என்று நான் கேட்டேன், "உடனே வேண்டுமா?" என்று அவள் விளங்கிக்கொண்டாள். பொறுமையுள்ள பிள்ளையாகையால், பிறருக்கு வழிவிட்டுக் காத்திருந்தாள். அவளுடைய நற்குணத்தையே நான் சோம்பல் என்று எழுதிவிட்டேன். இரண்டு மொழிகளும் அறிந்த நானே, அவளுடைய காதினால் கேட்க ஒருமுறையாவது முயலவில்லை.

அன்று மாலை அந்த அறிக்கையை அடித்துத் திருத்தினேன். மறுநாள் கரும்பலகையில் எண்களை எழுதினேன். தமிழில் மூன்று, தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு. தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு, கன்னடத்தில் ஏளு. "நம்முடைய ழகரம் தெலுங்கில் டகரமாகவும் கன்னடத்தில் ளகரமாகவும் ஒலிக்கிறது, பாருங்கள்" என்று காட்டினேன். உருது பேசும் பிள்ளைகள் எழுந்து, "எங்கள் வீட்டில் சாத்" என்றார்கள். அதுவரை வாய் திறவாதிருந்த அந்தச் சிறுமி, ழகரத்தை எப்படி உச்சரிப்பது என்று முழு வகுப்புக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் அவளே எங்களுக்கு ஆசிரியை. அதன்பின் அவள் தெலுங்கு கற்றுக்கொள்ள நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பு எதனால் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசினவர்களின் விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில் கவனிக்கப்படாமற் போனார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பற்பல தேசத்தார் தங்கள் தங்கள் மொழியிலே கேட்ட அதே சபையில்தான் இக்குறை எழுந்தது. அப்போஸ்தலர்கள், "முதலில் எங்கள் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அவ்வேழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைவுபட்டவர்களின் மொழி அறிந்தவர்கள் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டது.

நம்முடைய தேசத்தின் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று, 1956இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு கூறுகிறது. பயிற்று மொழி கூடுமானவரை பிள்ளையின் தாய்மொழியாயிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் கூறுகிறது. ஆனால் நாற்பது பிள்ளைகள் நான்கு மொழி பேசும் வகுப்பறையில், சட்டம் எட்டாத இடத்தை ஆசிரியரின் செவியும் பெற்றோரின் வாயுமே எட்ட வேண்டும்.

ஆகையால் பெற்றோரே, மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் அன்றே, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதை வகுப்பாசிரியரிடம் வெட்கமின்றிச் சொல்லுங்கள். பிள்ளை பிற்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டால், அடிப்பதற்கு முன்னே, அதே பாடத்தை வீட்டு மொழியில் கேட்டுப் பாருங்கள். தமிழில் சரியாகப் பதில் சொல்லுகிற பிள்ளைக்குக் குறைவாயிருப்பது புத்தியல்ல, வார்த்தையே. மூன்றாவதாக, கன்னடமோ தெலுங்கோ மராத்தியோ பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகளை விளையாட விடுங்கள். புதிய மொழி நட்பின் வழியாய் வந்தால் பயம் நீங்கும். தமிழை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஒன்று உள்ளே வர மற்றொன்று வெளியே போகத் தேவையில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் பேசாமலிருக்கும் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடாதிருங்கள். ஒருவேளை அது தன் முறைக்காகக் காத்திருக்கலாம்.

அந்தச் சிறுமிக்கு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தபோது, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தில் தன் பெயரைத் தமிழிலும், அதன் கீழே தெலுங்கிலும் எழுதினாள்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. அடுத்த மாதம் சந்திப்போம்.