விழாக்காலமும் ஊர்ச் சீரமைப்பும்

ஓர் ஊரின் சீரை அளந்தறிய வேண்டுமானால், அங்கே நடைபெறும் திருவிழாவின் வாத்திய முழக்கத்தைக் கேட்டால் மட்டும் போதாது. விழா முடிந்த மறுநாட்காலையில் அவ்வூர்த் தெருக்கள் எந்நிலையில் இருக்கின்றன என்பதையும் சென்று பார்க்க வேண்டும். தேரோடிய தெருவில் கழிவுநீர் தேங்கி நிற்குமானால், அவ்வூரார் விழாவுக்குச் செலவிட்ட பொருளில் ஒரு பங்கு வீணாயிற்று என்றே கொள்ள வேண்டும்.

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பேரூர். வட்டத்தின் தலைமையிடமும் இதுவே. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுவே. 2011 முதல் இதன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதியும் வாக்களித்து வருகிறது. மேற்கே உள்ள அண்ணாமலையார் நகரம் 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. பெரிய நகரத்தின் நிழலில் இருக்கும் சிற்றூருக்கு ஒரு நன்மையும் உண்டு. ஒரு தீமையும் உண்டு. நடமாட்டம் பெருகுகிறது; வாணிபத்துக்கு வழி பிறக்கிறது. ஆனால் எல்லோருடைய கவனமும் பெருநகரத்தின் மீதே செல்வதால், சிற்றூரின் குறைகள் பலருடைய கண்ணுக்குத் தென்படாமலே போய்விடுகின்றன. ஆகையால் நம் ஊரைப் பற்றி நாமே எண்ண வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

நம் வட்டாரத்தின் ஆண்டு விழாக்களால் பின்னப்பட்டது. தைப் பிறப்பில் பொங்கல். தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்ப்பேட்டைத் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். ரத சப்தமியன்று கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரை விழா. மாசியில் மேல்மலையனூர் மயானக் கொள்ளை. பங்குனி தொடங்கி ஆடி வரை ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடைபெறும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளம், அன்று மாலை தீமிதி. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பு. இவற்றுக்கெல்லாம் முடிசூட்டினாற்போல் கார்த்திகைத் தீபம். 2,668 அடி உயர மலையின் மேல், பெரிய கொப்பரையில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட காடாத்துணியைத் திரியாக இட்டு, ஆயிரக்கணக்கான கிலோ நெய் வார்த்து ஏற்றும் அத்தீபத்தைக் கண்ட பிறகே சுற்றுவட்டார வீடுகளில் அகல் ஏற்றுவது வழக்கம். நெய்பவன் துணியும் ஆயர் தந்த நெய்யும் சேர்ந்தே அந்த ஒளி பதினோரு நாள் நின்று எரிகிறது என்பதை நம் அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ளத் தகும்.

விழாக்கள் வீண் செலவு என்று கூறும் அன்பர்கள் சிலர் உண்டு. அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஆண்டு முழுதும் தறிக்குழியிலும் வயற்சேற்றிலும் நிற்கும் மக்கள் ஒரு நாள் கூடி மகிழ்வது குற்றமன்று. மேலும், விழாவுக்கு வரி பிரித்து, பொறுப்பைப் பங்கிட்டு, கணக்கை ஊர் நடுவே படித்து ஒப்புவிக்கும் பழக்கம் கூட்டுறவுச் சட்டம் 1904இல் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே நம்மிடம் இருந்தது. நாம் கேட்பது வேறு. கூத்துக்கு ஒன்றுகூடத் தெரிந்த ஊருக்குக் கால்வாய்க்கு ஒன்றுகூடத் தெரியாமற் போனது ஏன்?

இங்கே காலத்தைப் பற்றிய ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நமது பெருவிழாவும் நமது பெருமழையும் ஒரே பருவத்தில் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேதான் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது, தீபமும் அப்போதே. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பிலேதான் நாம் வாழ்கிறோம். டிசம்பர் முதல் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. அதே மாதம் 13ஆம் நாள் தீபம் ஏற்றப்பட்டபோது, பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. இயற்கையின் சீற்றத்தை நாம் தடுக்க முடியாது. ஆனால் அடைபட்ட கால்வாயும் தூர்ந்த ஏரியும் அச்சீற்றத்துக்குத் துணை போவதைத் தடுக்க முடியும்.

நடைமுறையோ தலைகீழாய் இருக்கிறது. விழா நெருங்கும்போது சுண்ணாம்பு அடிப்பதும் பிளீச்சிங் பவுடர் தூவுவதும் விளக்கு மாற்றுவதும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கண்கூடு. மழை தொடங்கிய பின் கால்வாயைத் தோண்டினால், தோண்டிய மண் கரையிலேயே கிடந்து அடுத்த மழையில் மீண்டும் கால்வாய்க்குள்ளேயே சேரும். நம் முன்னோர் கோடையில் ஏரியைத் தூர்வாரும் குடிமராமத்தை முடித்துவிட்டு மழையை எதிர்நோக்கினர். அதற்காக 1858இல் ஒரு சட்டமே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே திட்டத்தைப் புதுப்பித்தது. ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துச் செல்லும் அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரே வழங்க வகை செய்யப்பட்டது. வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். இத்தகைய வேலைக்கு ஏற்ற மாதம் வைகாசியும் ஆனியும் என்பதை உழவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, விழாக்களுக்கு ஒரு பஞ்சாங்கம் இருப்பதுபோல ஊர் வேலைகளுக்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும் என்பது நமது முதற்கோரிக்கை. வைகாசி, ஆனியில் ஏரியும் வரத்துக் கால்வாயும். ஆடி, ஆவணியில் தெருக் கால்வாயும் சிறு பாலங்களும். புரட்டாசியில் தெருவிளக்கும் குடிநீர்த் தொட்டியும். ஐப்பசி பிறந்த பின் காவலும் பராமரிப்பும் மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். விழாவுக்கு முன் ஊரைத் துடைப்பது ஒப்பனை. மழைக்கு முன் ஊரைச் செப்பனிடுவதே சீரமைப்பு.

இரண்டாவதாக, தெருவின் மட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது நெசவாளரின் அடுப்பைத் தொடும் பொருள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சாலை போடுவதால், ஒவ்வொரு சீரமைப்பின்போதும் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. மாடி வீட்டுக்காரர் இரண்டு படியை மூடிக்கொண்டு சமாளிக்கிறார். குழித்தறி நெய்பவர் என் செய்வார்? அவருடைய தொழிற்கூடமே தரைக்குக் கீழே இருக்கிறது. தெருநீர் வாசலைத் தாண்டினால் முதலில் நிரம்புவது தறிக்குழி. மிதிப்பலகை ஊறி, பாவு ஈரம் ஏறி, மழை விட்ட பின்னும் பல நாள் தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழகத் தலைமைச் செயலாளர், பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டிய பின்பே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அவ்வறிவுறுத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, தன் தெருவில் வேலை தொடங்கும் அன்றே நின்று கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமை. சாலை போட்டு முடிந்த பின் மனுக் கொடுப்பதால் பயன் சிறிதே.

மூன்றாவதும், நாம் மிக முக்கியமாகக் கருதுவதும், பொது நிலத்தைப் பற்றியது. உழவருக்குக் களம் வேண்டும். நெசவாளருக்குப் பாவு நீட்டப் பாவடி வேண்டும். ஊருக்குக் கூத்து நடத்த ஒரு திடல் வேண்டும். இம்மூன்றும் வெவ்வேறு பெயர் பூண்ட ஒரே தேவைதான்: மரநிழலும் வெட்டவெளியும் உள்ள, எவருக்கும் உரிமையாகாத, எல்லோருக்கும் பயன்படும் இடம். சம்பா அறுவடை தையிலும் மாசியிலும். கூத்து பங்குனிக்குப் பின். பாவு நீட்டுவதோ வெயில் ஏறுமுன் காலையில் சில மணி நேரம். பொழுதும் பருவமும் மாறி வருவதால் ஒரே திடல் மூவருக்கும் போதும். முன்னோர் இதை அறிந்தே மந்தைவெளிகளை விட்டுவைத்தனர்.

இன்றோ நெல்லும் மணிலாவும் நெடுஞ்சாலையில் காய்கின்றன. இரவில் வரும் வண்டிக்குத் தானியக் குவியலின் மேல் வைத்த கல் தெரிவதில்லை, விபத்து நேர்கிறது. ஆடிப் பட்டத்து மானாவாரி மணிலா ஐப்பசி வாக்கில், மழையோடு மழையாகப் பிடுங்கப்படுகிறது. காயின் ஈரம் எட்டு சதவீத அளவுக்குக் குறையாமல் மூட்டை பிடித்தால் பூஞ்சணம் பற்றும், விலை விழும், உண்பவர் உடலுக்கும் கேடு. சிமெண்டுக் களமும் ஒரு மேற்கூரையும் இருந்தால் தவிர்க்கக்கூடிய நட்டம் இது. ஆனால் ஊர் வளர வளர, காலியிடம் எங்கே என்று தேடும் கண்கள் முதலில் திடலின்மீதே விழுகின்றன. ஒரு கட்டடம், பின்பு ஒரு வண்டி நிறுத்தம், பின்பு நான்கு கடைகள். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல காரியமாகவே தோன்றும். முடிவில் துரியோதனனின் மண்ணுருவைக் கிடத்தவும் இடமிராது. நெல்லைக் காயவைக்கவும் இடமிராது. புதிய கட்டடம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. திடலை அளந்து, கல் நட்டு, பதிவேட்டில் ஏற்றிய பிறகு வேறிடத்தில் கட்டுங்கள் என்றே கூறுகிறோம்.

நான்காவதாக, விழாக் கூட்டத்தால் ஊருக்கு வரவேண்டிய வருவாய். தீபத்தின்போதும் பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வரும் மக்களில் பெரும்பகுதியினர் சாலை வழியே வருகிறவர்கள். தீபக் காலத்தில் திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, அவலூர்பேட்டை சாலை முதலியவற்றில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. இவ்வழிகளில் உழவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் சேர்ந்து ஒரு கடை வைத்தால் என்ன? வறுத்த மணிலாவும் செக்கெண்ணெயும், துண்டும் போர்வையும் ஒரே கூரையின்கீழ் விற்கலாம். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. விழாக் குழுக்கள் தங்களுக்கு வேண்டிய துணிப்பைக்கும் தோரணத்துக்கும் நெசவாளர் சங்கத்திடமே துணி வாங்கினால், ஊர்ப் பணம் ஊரிலே சுற்றும். கால்வாயை அடைக்கும் குப்பையும் குறையும். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் நெய்தவனுக்குச் சந்தை தேடித்தரும் இதே நோக்கத்துடன் அல்லவா?

இவையெல்லாம் பேரூராட்சியின் வேலை. சங்கத்துக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் கூடிக் கடை திறந்தபோது அவர்களில் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் வகுத்த வழியில் வளர்ந்த உலகக் கூட்டுறவு இயக்கம் 1995இல் தன் கொள்கைகளைத் திருத்தி அமைத்தபோது, சமுதாயத்தின்பால் அக்கறை என்பதை ஏழாவது கொள்கையாகச் சேர்த்தது. கடன் கொடுத்து வசூலிப்பதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. வெள்ளத்தில் பயிர் போன உழவனாலும் தறி நனைந்த நெசவாளனாலும் தவணை கட்ட இயலாதபோது, ஊர்க் கால்வாயின் குறை சங்கத்தின் கணக்கேட்டிலேயே பாக்கியாக வந்து நிற்கிறது!

கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடிக் கணக்குக் கேட்கிறது. பேரூர் அந்தச் சட்டத்தின்கீழ் வராததால் நம் போன்றோருக்கு அந்த மேடை இல்லை. எனவே சங்கங்கள் தாமே ஒரு மேடை அமைக்கலாம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றி, உரையாற்றி, இனிப்பு வழங்குவதோடு, அவ்வாரத்தில் ஒரு மாலை இரண்டு சங்கத்தாரும் கூடி, அவ்வாண்டு ஊரில் எந்த வேலை எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிந்தது என்று ஒரு பட்டியல் படிக்கட்டும். வார்டு உறுப்பினர்களை மரியாதையுடன் அழைத்து உட்காரவைப்போம். குற்றம் சாட்டுவதற்கான கூட்டமாக அது அமைதல் கூடாது. முடிந்ததற்கு நன்றியும், முடியாததற்குக் காரணமும், அடுத்த வைகாசிக்கு வேலைப் பட்டியலும் அங்கே கிடைத்தால் போதும்.

நம் பங்குக்கும் சில கடமைகள் உண்டு. வீட்டுக் குப்பையைக் கால்வாயில் கொட்டுகிறவன் பேரூராட்சியைப் பழிக்க உரிமையற்றவன். வரியைக் காலத்தில் செலுத்தாதவன் விளக்கு எரியவில்லை என்று கேட்கும்போது அவன் குரலில் வலு இருப்பதில்லை. வண்டல் எடுக்க வண்டியுள்ளவர் வண்டி தரட்டும். உடல் வலுவுள்ளவர் உழைப்பைத் தரட்டும். எழுதத் தெரிந்தவர் மனுவை எழுதட்டும். கூத்துக்கு அப்படித்தானே பங்கிட்டுக் கொள்கிறோம்?

அடுத்த தீபத்துக்கு முன் திடலுக்கு எல்லைக்கல் நடப்பட்டு, ஆவணிக்குள் ஒரு தெருவின் கால்வாயாவது முழுமையாகச் செப்பனிடப்படுமானால், நம் ஊர் நல்ல வழியில் காலடி வைத்துவிட்டது எனக் கொள்வோம். ஒரு தெருவில் முடிந்தது மறு தெருவிலும் முடியும். இரு சங்கங்களின் நிர்வாகிகளும் வரும் மாதக் கூட்டத்திலேயே இதைப் பொருளாக வைத்து ஆலோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.