திருமங்கலம் அளவுக்கு ஒரு ஊர் - ஹங்கேரியில் ஒரு செமஸ்டர்

பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறினால் பழங்காநத்தம், பைகாரா தாண்டி பசுமலை வரும். அந்த வழியில் தினமும் காலேஜ் போகிற ஒரு பையனோ பெண்ணோ "வெளிநாடு போய்ப் படிக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "லண்டனா, அமெரிக்காவா?" "இல்லை, ஹங்கேரி. அதுவும் ஒரே ஒரு செமஸ்டர். எகர் என்று ஒரு சின்ன ஊர்" என்று பதில் வந்தால் வீடே சிரிக்கும். திருமங்கலம் அளவுக்கு ஒரு ஊருக்குப் போக எதற்கு பாஸ்போர்ட் என்பார்கள்.

அந்தச் சிரிப்பு தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. போவதென்றால் இப்படிப்பட்ட சின்ன ஊருக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று போகிறவர்கள் கையில் இருக்கிறது. இன்னொன்று நம் கல்லூரிகள் கையில்.

முதலில் ஒரு பழைய கதை. பசுமலைக்காரர்கள் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி ஆச்சரியப்படவே கூடாது. ஏனென்றால் மதுரையில் மேல்படிப்பு என்பதே எல்லை தாண்டி வந்தவர்களோடு பின்னிக்கொண்ட விஷயம். அமெரிக்கன் மதுரை மிஷன் 1842இல் திருமங்கலத்தில் ஒரு பள்ளி தொடங்கி, 1845இல் அதைப் பசுமலைக்கு மாற்றியது. அங்கே 1881இல் கல்லூரி வகுப்புகள் ஆரம்பமாயின. அதுதான் பிற்பாடு வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம் பக்கம் போய் அமெரிக்கன் கல்லூரி ஆனது.

அதைவிட முக்கியமான கதை 1950களில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்று ஒரு சின்ன ஊர், அதில் ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரியோடு சேர்ந்த ஷான்சி என்ற அமைப்பு 1908இல் உருவானது. பட்டம் முடித்த இளைஞர்களைச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறியதும் அந்தக் கதவு மூடியது. வேறு இடம் தேடியவர்கள் கண்டுபிடித்த ஊர்களில் ஒன்று மதுரை. அமெரிக்கன் கல்லூரிக்கும், பிறகு லேடி டோக் கல்லூரிக்கும் பல பத்தாண்டுகள் ஓபர்லின் இளைஞர்கள் வந்து இரண்டிரண்டு வருடம் தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிருந்து ஆசிரியர்களும் அங்கே போய் வந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் தன் மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுக்க மதுரையில் வைத்துத் தமிழ் படிக்க வைத்தது. அவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் அலைந்து ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மாணவர்கள் டெல்லிக்கோ பம்பாய்க்கோ போயிருக்கலாம். அங்கே ஆங்கிலத்திலேயே ஓட்டியிருக்கலாம். மதுரைக்கு வந்ததால்தான் தமிழ் பேசியே தீரவேண்டியிருந்தது. பெட்டிக்கடையில் சில்லறை கேட்பதற்கும் தமிழ் வேண்டும். அவர்கள் நாட்டில் இருந்து பார்த்தால் மதுரையும் "எங்கே இருக்கிறது?" என்று கேட்கப்படும் ஊர்தானே!

இப்போது அதே கண்ணோடு எகரைப் பார்க்கலாம். தலைநகர் புடாபெஸ்டிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். மதுரைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம்தான். மக்கள்தொகை ஐம்பதாயிரம் சொச்சம். ஊர் நடுவில் ஒரு கோட்டை. 1552இல் துருக்கிப் படை முற்றுகையிட்டபோது இஷ்த்வான் டோபோ என்பவர் தலைமையில் சுமார் இரண்டாயிரம் பேர் அதைக் காத்து நின்றார்கள். அதை வைத்து கேஸா கார்டோன்யி 1901இல் எழுதிய நாவலை ஹங்கேரியில் படிக்காத பள்ளிப் பிள்ளை கிடையாது. ஆனாலும் 1596இல் துருக்கியர் ஊரைப் பிடித்தார்கள், 1687 வரை இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன 40 மீட்டர் உயர மினாரா இன்னமும் நிற்கிறது. பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடமான லைசியம் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டியது. அதன் கோபுரத்திலேயே ஒரு பழைய வானாராய்ச்சிக் கூடம் உண்டு. இத்தனையும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில்.

நடந்தே போகலாம் என்பது சாதாரண விஷயம் இல்லை. பஸ் காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். தினமும் அதே ரொட்டிக்கடை, அதே தெரு, அதே முகங்கள் என்றால் ஒரு மாதத்தில் கடைக்கார அம்மா அடையாளம் கண்டுகொள்வார். பெரிய நகரத்தில் ஆறு மாதம் இருந்தாலும் அது நடக்காது.

மொழிதான் பயமுறுத்தும். ஹங்கேரிய மொழி ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளோடு சொந்தமில்லாதது. பின்னிஷ், எஸ்தோனியன் ஆகியவற்றின் தூரத்து உறவு. ஜெர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது தலைவலி. ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு அதில் ஒரு ரகசிய வசதி இருக்கிறது. தமிழ் மாதிரியே அதுவும் ஒட்டுநிலை மொழி. 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். 'ஹாஸம்' என்றால் என் வீடு. 'ஹாஸம்பன்' என்றால் என் வீட்டில். வீடு, வீட்டில் என்று வேற்றுமை உருபை வால் மாதிரி ஒட்டிப் பழகியவருக்கு இது புதுசே இல்லை. (அவர்கள் 'என்' என்பதையும் பின்னால்தான் ஒட்டுவார்கள், அது மட்டும் தலைகீழ்.) நீ, நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு. பெரியவரிடம் 'நீ' போட்டால் முகம் சுருங்கும். அப்பாவுக்கு 'அபா' என்றுதான் எழுதுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு "ஹங்கேரியர்களும் தமிழர்களே" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இது தற்செயல் ஒற்றுமைதான். ஆனால் படிக்க உட்காரும் முதல் வாரத்தில் தற்செயலான ஒரு கைப்பிடி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

இன்னொன்று, பெயர். உலகம் ஃபெரென்ஸ் புஷ்காஷ் என்று சொல்லும் கால்பந்து வீரரை ஹங்கேரியில் புஷ்காஷ் ஃபெரென்ஸ் என்பார்கள். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அப்பா பெயரின் இனிஷியலை முன்னால் போட்டுக்கொண்டு, விசா படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து முழிக்கும் தமிழர்களுக்கு, ஐரோப்பாவிலேயே இதைப் புரிந்துகொள்ளும் ஊர் அதுதான்.

சாப்பாடு? மிளகாய் இல்லாமல் அவர்களுக்கும் ஓடாது. நமக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த அதே அமெரிக்கச் செடி அவர்களுக்குத் துருக்கியர் வழியாகப் போய் 'பாப்ரிக்கா' ஆனது. செகெட் என்ற ஊரில் ஆல்பர்ட் செந்த்-ஜ்யோர்ஜி அந்த மிளகாயிலிருந்துதான் வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். அவருக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. என்ன, அங்கே அது இனிக்கும். ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போவது நல்லது.

சரி, எல்லாம் தேன் பால் என்று சொன்னால் அது ஏஜெண்ட் விளம்பரம் ஆகிவிடும். கஷ்டங்களையும் சொல்லத்தான் வேண்டும்.

டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மதுரை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது குளிர் மட்டுமல்ல, மனசையும் அழுத்தும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தாங்களே சமைக்கப் பழக வேண்டும். 2015 அகதிகள் நெருக்கடிக்குப் பிறகு அந்நாட்டு அரசு வெளியாட்களுக்கு எதிராக விளம்பரப் பலகைகளே வைத்தது. கறுத்த தோலோடு சின்ன ஊரில் நடந்தால் சிலர் முறைத்துப் பார்க்கலாம். அதே ஹங்கேரியில்தான் 2022இல் உக்ரைன் போரிலிருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் எல்லை தாண்டி புடாபெஸ்ட் வழியாக ஊர் திரும்பினார்கள். ஒரு நாட்டில் இரண்டு முகமும் இருக்கும். எந்த நாட்டில் இல்லை?

அடுத்தது பணம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முழுப் பட்டப்படிப்புக்கு வெளிநாடு போவது வேறு, ஒரு செமஸ்டர் பரிமாற்ற மாணவராகப் போவது வேறு. முதலாவதற்கு ஹங்கேரி அரசு 2013இல் தொடங்கிய 'ஸ்டிபெண்டியம் ஹங்கேரிகம்' உதவித்தொகை உண்டு. இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 200 இடம். கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு மாதம் 43,700 ஃபோரிண்ட் என்றுதான் பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். ஒரு ரூபாய்க்குச் சுமார் நாலு ஃபோரிண்ட் என்று போட்டுப் பாருங்கள். பதினோராயிரம் ரூபாய் பக்கம் வரும். அதில் மட்டும் வாழ முடியாது, வீட்டிலிருந்தும் பணம் வர வேண்டும். உதவித்தொகையும் இல்லாமல் கடன் வாங்கிப் போகிறவர்கள் கதை இன்னும் மோசம். பொதுவாகக் கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே வங்கி சொத்து ஈடு கேட்கும். இருக்கிற ஒரே வீட்டுப் பத்திரம் லாக்கருக்குள் போகும்.

பரிமாற்ற மாணவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் கட்டணத்தை இங்கே தன் கல்லூரியில்தான் கட்டுகிறார். அங்கே கட்டணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டம் 1987இல் ஐரோப்பியர்களுக்குள் தொடங்கியது. 2015 முதல் இந்தியா போன்ற வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கும் அதன் கதவு திறந்தது. இடம் கிடைத்தால் மாதச் செலவுக்கும் விமானத்துக்கும் பணம் வரும். பட்டம் இங்கேயே, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் வெளிநாட்டு வகுப்பறையில் உட்கார இதைவிட ஆபத்து குறைந்த வழி இல்லை.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால்தான் இது நடக்கும். மாணவர் தனியாக எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அங்கேயும் சிக்கல் உண்டு. 2022 டிசம்பரில், பொது அறக்கட்டளைகளின் கீழ் மாற்றப்பட்ட ஹங்கேரியப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக எராஸ்மஸ் பணம் ஒதுக்குவதை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. பேச்ச், செகெட், டெப்ரெட்சென் எல்லாம் அதில் மாட்டின. ஆகவே கையெழுத்துப் போடும் முன் யாரோடு போடுகிறோம் என்று கல்லூரி விசாரிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் பக்கம். ஒரு செமஸ்டர் வெளியே போய் வந்தால் அட்டெண்டன்ஸ் என்ன ஆகும்? அங்கே எழுதிய பரீட்சை இங்கே கணக்கில் வருமா? பல கல்லூரிகளில் இதற்குப் பதில் சொல்ல ஆளே கிடையாது. திரும்பி வந்தவர் விட்டுப்போன பேப்பரை எல்லாம் அரியர் மாதிரி எழுத வேண்டும் என்றால் யார் போவார்கள்? ஒரு வருடம் வீணானாலும் தாங்கும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே போவார்கள். பரிமாற்றம் என்ற பெயரில் அது பணக்காரர்களின் சுற்றுலா ஆகிவிடும்.

சட்டம் தடுக்கிறதா என்றால் இல்லை. 2022 மே மாதம் யுஜிசி வெளியிட்ட விதிகள், தகுதியுள்ள கல்லூரிகளில் 'ட்வின்னிங்' படிப்புக்கு 30 சதவிகிதம் வரை கிரெடிட்டை வெளிநாட்டில் எடுக்க அனுமதிக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே போடுகின்றன. அமெரிக்கன் கல்லூரிக்கு 1978லேயே தன்னாட்சி கிடைத்துவிட்டது. மதுரையில் தடை இருப்பது சட்டத்தில் இல்லை, பழக்கத்தில். வெளியூர் மாணவர்களை வரவேற்று ஹாஸ்டல் கொடுத்து, தமிழ் கற்றுக்கொடுத்து, அவர்கள் எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண்ணும் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஏற்பாடு செய்த ஊர் இது. அதே ஏற்பாட்டைத் தன் சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய மட்டும் ஏன் கை வரவில்லை?

எழுத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும். போகும் முன்பே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட தாள். விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் செலவுக்கு முன்பணம், ஏனென்றால் உதவித்தொகை வருவதற்கு முன்பே இவை எல்லாம் கட்ட வேண்டும். திரும்பி வந்தபின் அட்டெண்டன்ஸ் பிடிப்பு இல்லை என்ற உறுதி.

மாணவர்கள் பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. எகருக்கோ பேச்சுக்கோ போய், நாலு இந்தியர்களைக் கண்டுபிடித்து, ஒரே அறையில் குக்கர் வைத்து, ஊருக்குப் போன் பேசியே ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டு வரலாம். மூன்றரை, நாலரை மணி நேர வித்தியாசம்தானே, அம்மா தூங்கும் முன் பேசிவிடலாம். அப்படித்தான் என்றால் பசுமலையிலேயே இருந்திருக்கலாம். இரண்டு வருடம் மதுரையில் இருந்து 'ழ' வராமல் திணறித் திணறித் தமிழ் பேசிய அந்த ஓபர்லின் பிள்ளைகளை ஊர் கேலி செய்தது, கூடவே நேசித்தது. எகரின் ரொட்டிக்கடையில் தப்பும் தவறுமாக 'கொசொனொம்' என்று நன்றி சொல்லும் மதுரைப் பெண்ணுக்கும் அதுதான் கிடைக்கும், அந்தக் கேலியும் அந்த நேசமும். லண்டனில் நல்ல ஆங்கிலத்தோடு போய் நிற்கிறவருக்கு இரண்டுமே கிடைக்காது.

ஆகவே அடுத்த முறை வீட்டில் "திருமங்கலம் மாதிரி ஊருக்கா?" என்று சிரித்தால், ஆமாம் என்று சொல்லலாம். மதுரையின் மிகப் பழைய கல்லூரிக்கு விதை விழுந்ததே திருமங்கலத்தில்தான்.