புல்லறிவும் கூலிச் சொல்லும்

மார்ச் மாதத்தில் தில்லி, சண்டிகர் போன்ற வடஇந்தியச் சமவெளி நகரங்களின் கோல்ஃப் மைதானங்களில், குளிரில் பழுப்பேறி உறங்கிக் கிடந்த புல்லை மீட்டெழுப்பும் பணி நடைபெறுகிறது. அப்பணியைச் செய்வோருக்கு இந்தியில் வழங்கும் பெயர் ‘மாலி’, அதாவது தோட்டக்காரர். அந்த ஒற்றைச் சொல் மறைத்துவிடும் அறிவு எத்தகையது என்பது கல்விப்புலத்தார் கவனிக்க வேண்டிய கேள்வி.

இம்மைதானங்களில் பரவலாக வளர்வது பெர்முடாப் புல்லும் அதன் கலப்பினங்களும். தாவரவியலில் அது சைனோடான் டாக்டிலான்; இந்தியில் தூப்; தமிழில் நாம் நன்கறிந்த அறுகு. பெர்முடாத் தீவு அதன் பிறப்பிடம் அன்று. பெயர் மட்டும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளையார் கோயிலில் அது அருச்சனைப் பொருள், வயலில் களை, கோல்ஃப் மைதானத்தில் பெருஞ்செலவில் பேணப்படும் சொத்து. புல் ஒன்றே, இடமும் பெயரும் மாற, மதிப்பும் மாறுகிறது. அதைப் பேணும் மனிதரின் மதிப்பு மட்டும் மாறுவதில்லை.

இளவேனிற்காலப் பராமரிப்பில் காலக்கணிப்பே முதன்மையானது. மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் அறுகு வேகமாக வளரத் தொடங்கும். இறுகிய மண் மூச்சுவிட, உள்ளீடற்ற முனைகளால் சிறு மண் உருளைகளைப் பிடுங்கியெடுத்து, துளைகளை மணலால் நிரப்புவார்கள். வளர்ச்சி தொடங்குமுன் இதைச் செய்தால் துளைகள் மூடாது. களைகள் அவற்றில் குடியேறும். பச்சை திரும்பும் நாட்களில் பழைய வேர்கள் மடிந்து புதியவை இறங்குவதும் உண்டு. மேலே தளிர்த்திருக்கும் புல் கீழே வலுவிழந்திருக்கும் அவ்வேளையில் ஒட்ட வெட்டினால் அது மீளாமற்போகலாம். குழியைச் சூழ்ந்த ‘கிரீன்’ தரையில் புல்லின் உயரமே 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். அங்கே பிழைக்கு இடமில்லை.

இயந்திரக் கையேடு ஆழத்தைச் சொல்லும். மரநிழலில் ஈரம் எத்தனை நாள் தங்கும், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும் என்பதை நாள்தோறும் அத்தரையில் நடப்பவரே அறிவார். பூக்காத நிலையில் புல்லினங்களைப் பிரித்தறிவது தாவரவியல் மாணவர்க்கும் கடினமான பயிற்சி. குந்தியமர்ந்து கையால் களையெடுக்கும் பெண்கள் அதை நாள் முழுவதும் செய்கிறார்கள்.

இந்தியாவின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகள் தொழிலாளரைப் பெரும்பாலும் ‘திறனற்றவர்’, ‘பகுதித் திறனுடையவர்’, ‘திறனுடையவர்’ என்று வகுக்கின்றன. சொல் உலகை விவரிப்பதோடு நில்லாமல் செயலையும் நிகழ்த்துகிறது என்று காட்டியவர் மொழித் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின். ‘திறனற்றவர்’ என்பது அவ்வாறு செயல்படும் சொல்லே. ஒருவரிடம் என்ன அறிவு இருக்கிறது என்று அது சொல்வதில்லை. எவ்வளவு கூலி கொடுத்தால் போதும் என்று தீர்மானிக்கிறது. மேற்பார்வையாளரின் அறிவுக்கு ஆங்கிலக் கலைச்சொற்களும் சான்றிதழும் உண்டு. மாலியின் அறிவுக்கோ எழுதப்பட்ட சொல் இல்லை. எழுதப்படாததால் அது அறிவாகவும் எண்ணப்படுவதில்லை.

கோல்ஃப் செல்வர் விளையாட்டு, நிலத்தையும் நீரையும் விழுங்குவது என்ற எதிர்ப்பு நியாயமானது. ஆனால் மைதானத்தின் ஆடம்பரம் அங்கு உழைப்பவருடையது அன்று. அந்த ஆடம்பரத்தைக் கண்டிக்கும்போது உழைப்பையும் சேர்த்துக் கண்ணிலிருந்து மறைத்துவிடுவது அநீதி.

செய்யக்கூடியவை உள்ளன. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி இருக்கிறது. புல்தரைத் தொழிலாளர் அதில் சேர மைதான நிர்வாகங்கள் வழிசெய்யலாம். ஆனால் சான்றிதழோடு கூலி வகையும் உயர வேண்டும், இல்லையேல் அது வெறுங்காகிதம். மொழியியல் துறைகளுக்கும் கடமை உண்டு. மீனவர், தச்சர், நெசவாளர் சொற்களைத் தொகுத்தது போல, மண்ணின் ஈரத்துக்கும் புல்லின் நிலைகளுக்கும் இத்தொழிலாளர் வழங்கும் சொற்களையும் அவர்கள் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ வாழ்க என்று வாழ்த்தும் மரபு நம்முடையது. அந்த அறுகை வேரோடச் செய்வோரைத் திறனற்றவர் என்று எழுதும் பட்டியலை அறிஞர் உலகம் கேள்வியின்றி ஏற்கக்கூடாது.