பந்தயத்துக்கு மாலை, பிழைப்புக்குத் தடையா?

2020 மே மாதம். ஊரடங்கு அமலில் இருந்த நேரம். டில்லியை அடுத்த குர்கானில் பிழைக்கப் போயிருந்த பீகார் தொழிலாளி ஒருவர் விபத்தில் அடிபட்டு, வருமானமின்றிக் கிடந்தார். அவருடைய 15 வயது மகள் ஒரு சைக்கிளை வாங்கினாள். தகப்பனைப் பின்னால் கேரியரில் உட்காரவைத்து, சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்து, தர்பங்கா ஜில்லாவிலுள்ள சொந்தக் கிராமத்தில் கொண்டு சேர்த்தாள்.

செய்தி பரவியதும் நடந்தது என்ன? சைக்கிள் பந்தய வீராங்கனையாகத் தேறுவாளா என்று பார்க்க, இந்திய சைக்கிள் சம்மேளனம் அவளை டில்லிக்கு அழைத்தது. அமெரிக்க ஜனாதிபதியின் மகள் அவளுடைய தாங்கு சக்தியைப் புகழ்ந்தார். சம்மேளனத்தைக் குறை சொல்வதற்கில்லை. திறமையைத் தேடுவது அதன் வேலை. ஆனால் அந்தப் பெண் பந்தயத்துக்காக மிதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் மிதித்தாள். வழியை அடைத்தது யார் என்ற கேள்வி கைதட்டலில் அமுங்கிப் போயிற்று.

நமது நகரங்களிலும் தினசரி இதே கதைதான். விடியற்காலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, மட்கார்டும் கேரியரும் இல்லாத லட்ச ரூபாய் வண்டியில் போகிறவரைக் கண்டால், "உடம்பைப் பேணுவதில் என்ன அக்கறை!" என்கிறார்கள். எட்டு மணிக்கு ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கைத் தொங்கவிட்டு ஷிப்டுக்குப் போகிற தொழிலாளியைக் கண்டால், "ஓரமாப் போய்யா!" என்று ஹாரன் அடிக்கிறார்கள். ஓரம் எங்கே இருக்கிறது? அங்கேதான் கார்களை நிறுத்தி வைத்திருக்கிறார்களே!

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, விவசாயமல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். காரில் போனவர்கள் சுமார் 3 சதவீதம். சாலை யாருக்காகப் போடப்படுகிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 2022-ம் வருஷத்தில் மட்டும் 4,000-க்கு மேற்பட்ட சைக்கிள்காரர்கள் இந்தியச் சாலைகளில் மாண்டார்கள்.

கல்கத்தாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. போக்குவரத்து வேகம் குறைகிறது என்று சொல்லி, 2013-ல் 62 சாலைகளில் சைக்கிளுக்குப் போலீசார் தடை போட்டனர். பால்காரர், பேப்பர் போடுகிறவர், சாமான் கொண்டு செல்கிறவர் எல்லோரும் குற்றவாளிகளானார்கள். 2020 ஜூனில் பஸ்ஸும் ரயிலும் போதாமல், ஆட்கள் வேலைக்கு வந்து சேர வேண்டிய கட்டாயம் வந்ததும், அதே போலீஸ் தடையைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. தேவைப்பட்டால் வாகனம்; தேவை தீர்ந்தால் இடைஞ்சல்!

மனோபாவத்தை மாற்றவே முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தது. கேலியும் கிண்டலும் கொஞ்சமா! ஆனாலும் குவாரித் தொழிலாளிகளும் கிராம நர்சுகளும் பல்லாயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், இயக்கத்தில் பணியாற்றிய பெண்கள் சைக்கிள் வாங்க பாங்குக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே போனார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. எந்தப் பந்தயக்காரனும் நினைத்துப் பார்க்காத சௌகரியம்!

பந்தயம் நடக்கட்டும். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஜெயிக்கட்டும். ஆனால் பந்தயத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையைக் காலி செய்து கொடுக்க முடிகிற சர்க்காருக்கு, மற்ற ஆறு நாளும் ஒரு கஜம் இடம் ஒதுக்க முடியாதா? வாகனங்களை அல்ல, மனிதர்களையே முதலில் கவனிப்போம் என்றும், சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்றும் 2006-ல் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையில் மத்திய சர்க்காரே எழுதி வைத்திருக்கிறது. சாலை விஸ்தரிப்புக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் முனிசிபல் கவுன்சிலுக்கு வரும்போது, அதில் சைக்கிள் பாதை எத்தனை அடி, தொழிற்பேட்டை வாசலிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு எங்கே என்று அங்கத்தினர்கள் எழுந்து கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வரும்வரை அந்தத் தீர்மானத்தை நிறைவேற விடக் கூடாது.