சுண்டைக்காய் கால் பணம்... சுமைகூலி?

அமெரிக்காவில் பழைய பாய்மரப் படகு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர் ஆசைப்பட்டு வாங்கி விடுகிறார். வம்பு கரைக்கு வந்த பிறகுதான்!

முதலில் மதிப்புக் கூட்டு வரி. ஜெர்மனியில் 19 சதவீதம், பிரான்சில் 20. கட்டியாச்சு என்று மூச்சு விட முடியாது. "சி.இ. முத்திரை எங்கே?" என்பார்கள். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். படகு கவிழாமல் நிற்குமா, கேஸ் குழாய், மின்சார ஒயர், எஞ்சின் புகை எல்லாம் சரியா என்று துருவுவார்கள். செலவு படகுக்காரர் தலையில்!

உயிர் விஷயம். சோதனையே கூடாது என்று யார் சொன்னது? ஆனால் கணக்கு இடிக்கிறதே! ஒரே பட்டறையில், ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு படகுகள். 1998 ஜூன் 16-க்கு முன்பே ஐரோப்பாவுக்கு வந்துவிட்டதற்கு முத்திரை தேவையில்லை. இன்று வருவதற்குக் கட்டாயம் தேவை. தேதி பார்த்தா படகு மூழ்கும்?

1950-க்கு முன் வடிவமைத்த பழங்காலப் படகுகளுக்கு விலக்கு உண்டு. 1975-ல் கட்டிய சாதாரணப் படகுக்கு அது கிடையாது.

பணக்காரர் விவகாரம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். கோடீஸ்வரர் புதுசே வாங்குவார். பழசு வாங்குகிறவர் சேமிப்பைப் போட்டவர்.

ஆபத்து என்றால் இரண்டையும் சோதியுங்கள். இல்லையென்றால் பழசுக்குக் குறைந்த கட்டணத்தில் எளிய சோதனை வையுங்கள். அதுவரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாயைப் பார்க்கும் முன்னே காகிதத்தைப் பாருங்க!