அத்திவாரத்தில் பாடியவர்கள்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் பங்குகள் பலவற்றில் முடிவடையாத வீடுகளை இன்றும் காணலாம். சுவர் எழும்பியிருக்கும், பூச்சு இராது. கூரை ஏறியிருக்கும், கதவு இராது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கும். அத்தகைய வீடுகளுக்குச் செல்லும்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்றுண்டு: "முதல்ல வீடு முடியட்டும் சுவாமி, மற்றதெல்லாம் பிறகு பாப்பம்."

அந்த 'மற்றது' என்பதற்குள் பல அடங்கும். ஆனால், அதில் முதலில் போய்ச் சேர்வது பெரும்பாலும் பிள்ளைகளின் சங்கீதமே. மகளின் வயலின் வகுப்பு நிற்கும். மகனின் மிருதங்கம் உறையோடு மூலைக்குப் போகும். வீடு முடிந்த பிறகு அவை மீண்டும் எழுந்து வரும் என்று பெற்றோர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை சரியானதா என்பதையே இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

எம் பெற்றோரை எவரும் எளிதாகக் குறை கூறிவிட முடியாது. வீடு என்பது எம் மண்ணில் சாதாரணப் பொருளன்று. 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய காணிகளும் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டன. 27 ஆண்டுகள் சென்ற பிறகு மக்கள் தம் வளவுகளில் கால் பதித்தனர். இன்னும் விடுபடாத காணிகளும் உள. இவ்வாறு வீடிழந்த ஒரு தலைமுறை மீண்டும் ஒரு வீட்டைக் கட்டும்போது, அதைவிடப் பெரிது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாமற் போவது இயல்பே.

பணத்தின் நெருக்கடியும் உண்மையானது. 2012 முதல் இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. அத்தொகையோடு தம் உழைப்பையும், அடகு வைத்த நகையையும், கைமாற்றாகப் பெற்ற பணத்தையும் சேர்த்தே பலர் வீட்டைக் கட்டினர். பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து மூடையின் விலை ஓராண்டுக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியபோது, லிண்டல் மட்டத்தோடு நின்ற சுவர்கள் எத்தனை! மாரி மழைக்கு முன் கூரை ஏற்ற வேண்டும் என்று துடிக்கும் தந்தையிடம் சங்கீத வகுப்பைப் பற்றிப் பேசுவது எளிதன்று.

இருப்பினும், திருவிவிலியத்தில் எம்மைப் போன்ற ஒரு மக்களின் வரலாறு உண்டு. கி.மு. 587 அளவில் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டது; மக்கள் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 50 ஆண்டுகளின் பின்னர் திரும்பி வந்தவர்கள், இடிபாடுகளின் மேல் ஆலயத்துக்கு மீண்டும் அத்திவாரம் இட்டனர். எஸ்ரா நூலின் 3ஆம் அதிகாரம் அந்நாளை விவரிக்கிறது. கொத்தர்கள் அத்திவாரம் இட்டவுடனே குருக்கள் எக்காளங்களோடும், ஆசாபின் புதல்வர்கள் கைத்தாளங்களோடும் வந்து நின்று பாடினார்கள். பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரத்த குரலில் அழுதனர். மற்றையோர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரித்தனர். அழுகையொலி எது, ஆர்ப்பரிப்பு எது என்று எவராலும் பிரித்தறிய முடியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் பாடிய நாளில் அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை. அதன்பின் எதிர்ப்புகள் எழுந்தன. வேலை பல ஆண்டுகள் தடைப்பட்டது. ஆலயம் நிறைவுற்றது கி.மு. 515இல், அதாவது ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தே. 'கட்டி முடியட்டும், பிறகு பாடுவோம்' என்று அவர்கள் இருந்திருந்தால், அன்று அழுத முதியோரில் எத்தனை பேர் அந்தப் பாடலைக் கேட்டிருப்பர்?

எம் வீடுகளிலும் கணக்கு இதுவே. வீடு பத்து ஆண்டு காத்திருக்கும், பிள்ளை காத்திராது. எட்டு வயதில் சுருதியைப் பற்றிக்கொள்ளும் காது, பதினெட்டு வயதில் அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. இடையில் புலமைப்பரிசில் பரீட்சை வரும், சாதாரண தரம் வரும், மாலை முழுவதையும் ரியூசன் கொட்டில்கள் எடுத்துக்கொள்ளும். வீடு முடிகிற நாளில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்திருக்கும். மகனுக்கும் அதன்மேல் ஆசை தளர்ந்திருக்கும். கொட்டிலில் படுத்திருக்கும் அம்மம்மாவும் பேரனின் வாசிப்பைக் கேட்க அன்று இருப்பாரோ, நாம் அறியோம்.

'குடும்பத்தின் கஷ்டத்தில் பிள்ளையும் பங்கெடுக்க வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளை பங்கெடுக்கட்டும், தண்ணீர் ஊற்றட்டும், கல் எடுத்துக் கொடுக்கட்டும், புதுச்சட்டையை ஒரு பெருநாளுக்கு விட்டுக்கொடுக்கட்டும். ஆனால், இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வைப்பதைத் தியாகம் என்று அதற்குக் கற்பித்துவிடக் கூடாது. தாலந்தைப் புதைத்த ஊழியனை ஆண்டவர் பாராட்டவில்லை என்பதை நாம் அறிவோம்.

கரையோரப் பங்கு ஒன்றில் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோது, பூசாத சுவர்களுக்கு நடுவே நின்று ஒரு சிறுமி பாடிப் பழகுவதைக் கண்டேன். தளபாடம் எதுவும் இல்லாத வெற்று அறையில் அவளது குரல் பெரிதாக எதிரொலித்தது. வேலைக்கு இடைஞ்சல் என்று தாய் அவளை அழைத்தார். சாந்தகப்பையோடு நின்ற மேசனோ, "நிப்பாட்டாதை பிள்ளை, நீ பாடினா வேலை ஓடும்" என்றார். அந்த ஏழைத் தொழிலாளிக்குத் தெரிந்த உண்மை நமக்கும் தெரிய வேண்டும். பாட்டு கட்டடத்துக்குத் தடையன்று. கட்டுகிறவர்களின் களைப்புக்கு அது மருந்து.

மேலும், எம் வரலாறே எமக்குச் சான்று பகர்கிறது. 1995இல் வீட்டைத் தூக்கிக்கொண்டு எவரும் நடக்கவில்லை. நெஞ்சில் இருந்த பாடல்களை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. தவக்காலத்துப் பசாம், கரையோர ஊர்களின் தென்மோடிக் கூத்து, தேவசகாயம்பிள்ளை நாடகத்தின் மெட்டுகள் ஆகியவை ஓலைக் கொட்டிலிலும் வாழ்ந்தன. கடல் கடந்தும் சென்றன. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர்க்காலத்திலும் திருப்பாடுகளின் காட்சிகளை மேடையேற்றியது. 2021இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவர் வளர்த்த கலைஞர்களின் பணி இன்றும் தொடர்கிறது. வீடு நிலைத்த பின்னரே கலை என்று அவர் காத்திருந்திருந்தால், இரு தலைமுறைக் கலைஞர்களை நாம் இழந்திருப்போம்.

நாசரேத்து இல்லத்தையும் நினைத்துப் பாருங்கள். சூசையப்பரின் தொழிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல், தச்சரை மட்டுமன்றிக் கட்டட வேலை செய்பவரையும் குறிக்கக்கூடியது. பிறர் வீடுகளுக்காக உழைத்த அந்தக் குடும்பத்தில் வளர்ந்த பாலன், தம் மக்களின் திருப்பாடல்களை அறிந்தே வளர்ந்தார். இறுதி இராவுணவின் முடிவில், கெத்சமனிக்குப் போகுமுன், ஆண்டவர் தம் சீடரோடு புகழ்ப்பாடல் பாடினார் என்று நற்செய்தியாளர் மத்தேயுவும் மாற்கும் எழுதியுள்ளனர். சிறுவயதில் கற்ற பாடல், துன்பத்தின் வாசலில் துணைக்கு வந்தது. எம் பிள்ளைகளுக்கும் அத்தகைய இரவுகள் வரும். அப்போது மார்பிள் பதித்த தரை அவர்களுக்குத் துணை நில்லாது.

ஆகவே, பெற்றோரே, வீட்டுச் செலவுக் கணக்கை எழுதும்போது சீமெந்து, கம்பி, மரம் என்ற வரிசையில் பிள்ளையின் வகுப்புப் பணத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். அதற்காக விறாந்தையை இரண்டு அடி குறைக்க நேர்ந்தால் குறையுங்கள். வெளிநாட்டு உறவினரின் வீட்டைப் பார்த்து மேல்மாடிக்குக் கடன் வாங்காதீர்கள். பரீட்சைத் தரங்களையும் சான்றிதழ்களையும் மட்டும் எண்ணிப் பிள்ளையின் இசையை அளக்காதீர்கள். மாலைச் செபமாலையின் முடிவில் ஒரு மாதா பாடலை அவர்களே தொடங்கட்டும். கொட்டிலில் இடநெருக்கடி இருந்தாலும், அந்தப் பத்து நிமிடம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

பங்குகளுக்கும் இதில் கடமை உண்டு. வகுப்புப் பணம் கட்ட வழியற்ற வீடுகள் மெய்யாகவே உள. ஆலயத்து ஓர்கனும் ஆர்மோனியமும் ஞாயிறு தவிர்ந்த நாட்களில் துணி போர்த்திப் பூட்டி வைக்கப்படுவதற்காக வாங்கப்பட்டவை அல்ல. கிழமைக்கு இரு மாலைகளேனும் ஆலய மண்டபத்தைத் திறந்து, பாடகர் குழாத்தின் மூத்தோரையும் ஊரின் அண்ணாவிமாரையும் கொண்டு, இத்தகைய பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிக்கப் பங்குச் சபைகள் முன்வர வேண்டும். வீட்டைக் கட்டிக்கொடுக்கும் வலிமை எல்லாப் பங்குகளுக்கும் இல்லை. ஆனால், ஒரு கதவைத் திறந்துவிடும் வலிமை எல்லோருக்கும் உண்டு.

127ஆம் திருப்பாடல் வீடு கட்டுவதில் தொடங்கிப் பிள்ளைகளில் முடிகிறது. இரண்டையும் ஒரே பாடலில் வைத்த ஆவியானவர், ஒன்றுக்காக மற்றொன்றை நாம் பலியிடுவதை விரும்புவாரா? அடுத்த கல் வைக்கும் நாளில் உங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்துப் பாடச் சொல்லுங்கள். முதியோர் அழுதால் அழட்டும். அந்த அழுகையும் அந்தப் பாடலும் கலந்தெழும் இடத்தில், கூரை ஏறுமுன்பே ஆண்டவர் குடிபுகுவார்.